கைமாறும் சொல்

2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15. நாடெங்கும் கொடியேற்றி இனிப்பு வழங்கிய அந்தச் சுதந்திர தினத்தின் மாலையில், பெங்களூரு நகர ரயில் நிலையத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு கூட்டம் திரளத் தொடங்கியது. (இன்று அந்த நிலையம் சங்கொள்ளி ராயண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.) வந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், இளம்பெண்கள். அஸ்ஸாம், மணிப்பூர், நாகாலாந்து முதலிய வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். சிலர் கல்லூரி மாணவர்கள். பலர் உணவகங்களிலும் அழகு நிலையங்களிலும் பணிபுரிந்தவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் இரவெல்லாம் விழித்திருந்து பிறர் உறங்கக் காவல் காத்தவர்கள். மாதச் சம்பளத்தைக்கூட வாங்காமல், கைக்கு அகப்பட்ட துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள குவாஹாட்டிக்கு எப்படியாவது ஓர் இடம் வேண்டும் என்பதே அவர்களுடைய ஒரே வேண்டுகோள்.

ரயில்வே நிர்வாகம் இரவோடு இரவாகச் சிறப்பு ரயில்களை விட்டது. அவையும் போதவில்லை. அடுத்த சில நாட்களில் நகரை விட்டு அகன்றவர்கள் ஏறத்தாழ 30,000 பேர் என்று அன்றைய செய்தித்தாள்கள் எழுதின.

அவர்களைத் துரத்தியது எது? அதற்கு முந்தைய மாதம் அஸ்ஸாமின் கோக்ரஜார் பகுதியில் பெருங்கலவரம் மூண்டு, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து முகாம்களில் தங்கியிருந்தனர். அந்தத் துயரம் உண்மை. ஆனால் அதற்குப் பழிவாங்க ரம்ஜான் முடிந்ததும் பெங்களூருவில் உள்ள வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவார்கள் என்று ஒரு குறுஞ்செய்தி பரவியது. எங்கோ எப்போதோ எடுக்கப்பட்ட கோரமான படங்கள் அதற்குச் சான்றுபோல் உடன் வந்தன. சிலர் மிரட்டப்பட்டார்கள் என்ற பேச்சு ஆங்காங்கே எழுந்தது உண்மைதான். எனினும் அச்செய்தி சொன்ன பெருந்தாக்குதல் நடக்கவே இல்லை. பல மதங்களையும் சேர்ந்த பெரியவர்கள் ரயில் நிலையத்துக்கும் குடியிருப்புகளுக்கும் சென்று, 'போகாதீர்கள், நாங்கள் இருக்கிறோம்' என்று கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்ட குரலைவிடக் கைப்பேசியில் வந்த எழுத்து வலுவாக இருந்தது.

இந்நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. அச்செய்தியை முதன்முதலில் எழுதியவன் கெட்ட எண்ணம் கொண்டவன், அதில் ஐயமில்லை. ஆனால் அவன் ஒருவன் எத்தனை பேருக்கு அதை அனுப்பியிருக்க முடியும்? முன்பின் அறியாதவனுடைய சொல்லை எவர் நம்பியிருப்பார்? அந்தச் சொல்லை வீடு வீடாகச் சுமந்து சென்றவர்கள் தீயவர்கள் அல்லர். அறைத்தோழியை எச்சரித்த மாணவி, தம்பிக்கு அனுப்பிய அண்ணன், 'உடனே புறப்பட்டு வா' என்று பிள்ளைக்குச் சொன்ன தாய் ஆகிய இவர்களே அதன் தூதர்கள். அன்பினால் அனுப்பினார்கள். அவர்களுடைய அன்பே பொய்க்குக் காலும் கையும் ஆயிற்று. அப்படியானால் அந்தப் பாவத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா, இல்லையா?

இதைச் சிந்திக்குமுன் வாணிகத்தின் பக்கம் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நல்லது. ஒரு சொல்லின் விலை என்ன என்பதைத் துறவிகளுக்கு அடுத்தபடியாக நன்கு அறிந்தவர்கள் வணிகர்களே.

தமிழில் 'நாணயம்' என்றொரு சொல் இருக்கிறது. அது கையில் புழங்கும் காசையும் குறிக்கும்; மனிதனுடைய நேர்மையையும் குறிக்கும். பொருளையும் குணத்தையும் ஒரே சொல்லால் அழைத்த நம் முன்னோர், கடைத்தெருவில் நெடுங்காலம் நின்று பார்த்தவர்களாக இருக்க வேண்டும். கெம்பேகவுடர் 16-ஆம் நூற்றாண்டில் அமைத்த பழைய பேட்டையின் வழிவந்த சிக்கபேட்டை போன்ற தெருக்களில், பெரிய கடையின் படிக்கட்டைவிட அதன் முதலாளியின் வாய்ச்சொல்லே பலருக்கு ஆதாரமாக இருந்தது. 'அவர் சொன்னாரா? அப்படியானால் சரி' என்பதே அங்கே பத்திரம்.

அதே நகரத்தில் 2015-இல், டெல்லி ஐ.ஐ.டி.யில் பயின்ற இரண்டு இளைஞர்கள் மீஷோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் தொடக்க ஆண்டுகளின் வழிமுறை எளிமையானது. சேலை, சுடிதார், பாத்திரம் ஆகியவற்றின் படங்களை நிறுவனம் தரும். இல்லத்தரசிகள் அவற்றைத் தம் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் வாட்ஸ்அப் வழியே அனுப்புவார்கள். விலையின்மேல் தமக்கு ஒரு சிறு தொகையைச் சேர்த்துக்கொள்வார்கள். பொருளை வீட்டில் கொண்டு சேர்ப்பது நிறுவனத்தின் வேலை. கடை இல்லை, சரக்கு இருப்பு இல்லை, முன்பணம் இல்லை. வெளியே சென்று வேலை பார்க்க இயலாத எத்தனையோ பெண்களின் கையில் இதனால் சொந்தப் பணம் புழங்கியது. சமூக ஊடகம் வாணிகத்துக்குச் செய்த நன்மைகளுள் இதை நிச்சயம் சேர்க்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெண்மணியின் மூலதனம் எது? 'அக்கா அனுப்பியிருந்தால் நல்ல துணியாகத்தான் இருக்கும்' என்று பத்துப் பேர் நினைக்கிறார்களே, அந்த நினைப்பே மூலதனம். பல ஆண்டுகள் பழகி, கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்து, நல்லது கெட்டதில் உடன் நின்று சேர்த்த நாணயம் அது. ஒரு படத்தை அனுப்பும்போது அவர் அந்த நாணயத்தையும் சேர்த்தே அனுப்புகிறார். துணி சாயம் போனால் நிறுவனத்தின் பெயர் கெடுவதற்கு முன் அவர் பெயர் கெடும். ஆகவே அவர் அடுத்த முறை விசாரித்துவிட்டுத்தான் அனுப்புவார்.

வேடிக்கை என்னவென்றால், சேலைப் படத்தை அனுப்புவதற்கு முன் இத்தனை யோசிக்கும் அதே பெண்மணி, அதே கைப்பேசியில், அதே பத்துப் பேருக்கு, 'ஊருக்குள் பிள்ளை பிடிப்பவர்கள் நுழைந்திருக்கிறார்கள்' என்ற செய்தியை ஒரு நொடியில் அனுப்பிவிடுகிறார். அங்கும் அவருடைய நாணயமே செலவாகிறது. ஆனால் கணக்கு எழுதப்படுவதில்லை.

பிறர் பொருளுக்கு நேரும் கேடும் சிறிதன்று. 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில், கோழி இறைச்சியால் கொரோனா பரவும் என்ற செய்தி கைப்பேசிகளில் சுற்றியது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆயினும் விற்பனை படுத்துவிட்டது. வளர்ப்புச் செலவுகூடத் திரும்பாத விலைக்குப் பண்ணையாளர்கள் விற்க நேர்ந்தது. அவர்களை அறியாத, அவர்கள்மேல் எந்தப் பகையும் இல்லாத மக்கள், குடும்பத்தாரின் நலம் கருதிச் செய்த காரியம் அது.

பொய்யன் பொய் சொன்னால் உலகம் அவ்வளவாக ஏமாறுவதில்லை. இதை மகாபாரதம் நமக்கு எப்போதோ காட்டிவிட்டது. அசுவத்தாமன் என்ற பெயருடைய யானையைக் கொன்றுவிட்டு, அசுவத்தாமன் மாண்டான் என்று பீமன் கூவினான். துரோணர் நம்பவில்லை. மூவுலகும் தருவதாகச் சொன்னாலும் பொய் பேசமாட்டார் என்று பெயர் பெற்ற தருமபுத்திரரிடம் அவர் கேட்டார். தருமரும் அதே சொற்களைச் சொன்னார். யானை என்பதை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்தார். துரோணர் வில்லைக் கீழே வைத்தார். அவரைக் கொன்றது திருஷ்டத்யும்னனின் வாள் என்பது உண்மையே. அதற்கு முன் அவரை நிராயுதபாணி ஆக்கியது தருமரின் நாணயம். பீமனின் பொய்யால் செய்ய முடியாததைத் தருமரின் பாதி உண்மை செய்து முடித்தது. தரையில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய தேர் அன்று மண்ணைத் தொட்டது என்கிறார் வியாசர்.

இக்கதையை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. 2018-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்தது ஏறத்தாழ இதுவே.

பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிய விழிப்புணர்வுக்காக ஒரு சிறு படம் எடுக்கப்பட்டது. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிச் செல்கிறார்கள். சற்று நேரத்தில் திரும்பி வந்து அவனை இறக்கிவிட்டு, குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்ற கருத்துள்ள அட்டையைக் காட்டுகிறார்கள். இந்தியாவில் பரவிய படத்தில் இந்தக் கடைசிப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. தூக்கிச் செல்வது மட்டும் இருந்தது. முணுமுணுக்கப்பட்ட 'யானை' இங்கே கத்தரிக்கப்பட்டுவிட்டது. அதனோடு அந்தந்த ஊர்ப் பெயரையும் அந்தந்த மொழியையும் சேர்த்துப் பலர் பரப்பினார்கள்.

அவ்வாண்டு மே 9-ஆம் நாள், சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே தங்கள் குலதெய்வத்தை வழிபடச் சென்றது. வழியில் அத்திமூர் என்னும் ஊரில் காரை நிறுத்தியபோது, உடன் வந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பேரப்பிள்ளைகள் உள்ள எந்தப் பாட்டியும் செய்யக்கூடியதுதான். பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் அவர் இறந்தார்; உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். இரண்டு வாரங்கள் கழித்து, மே 23 அன்று, பெங்களூருவின் சாம்ராஜ்பேட்டையில், பிழைப்புத் தேடி ராஜஸ்தானிலிருந்து வந்த 26 வயது இளைஞர் ஒருவர் அதே சந்தேகத்தில் கட்டி இழுக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 13 அன்று கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில், ஹைதராபாத்திலிருந்து வந்த பொறியாளர் ஒருவரும் அவருடைய நண்பர்களும் பள்ளிக் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். சிலர் சந்தேகித்துச் சூழ்ந்ததும் அவர்கள் காரில் ஏறித் தப்பினார்கள். ஆனால் கார் அடுத்த ஊரை அடையுமுன் வாட்ஸ்அப் செய்தி அங்கே அடைந்திருந்தது. முர்க்கி கிராமத்தில் சாலையை மறித்துக்கொண்டு மக்கள் காத்திருந்தார்கள். பொறியாளர் உயிரிழந்தார்.

கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் வேறு, மொழிகள் வேறு. எல்லோரும் அந்த ஊருக்கு அந்நியர்கள் என்பது ஒன்றே பொது. விருந்தினரைத் தெய்வமாகக் கருதவேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாட்டில், அந்நியர் குழந்தைக்கு இனிப்புக் கொடுப்பதே குற்றத்தின் அடையாளமாகிவிட்டது.

திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், வாக்கினால் விளையும் பாவங்கள் பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்லாத சொல் என நான்கு என்கிறார். அவற்றுள் பொய்யை முற்றிலும் விலக்குதல் துறவிகளுக்கே இயலும் என்பதால் வாய்மை துறவறத்தில் வைக்கப்பட்டது என்றும், மற்ற மூன்றையும் இல்லறத்தார் விலக்கும்பொருட்டே இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை என்ற அதிகாரங்கள் இல்லறத்தில் அமைந்தன என்றும் அவர் காரணம் காட்டுகிறார். குடும்பஸ்தன்மேல் உரையாசிரியருக்கு எவ்வளவு இரக்கம்!

நாம் கைமாற்றும் செய்தி இந்த நான்கில் எதில் சேரும்? அனுப்புபவர் அதை உண்மை என்றே நம்புவதால் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. அவர் எவரையும் வைவதில்லை, கடுஞ்சொல்லும் அன்று. மேலோட்டமாகப் பார்த்தால் அது பயனில்லாத சொல், நான்கனுள் மிக எளியது. ஆனால் உறையைப் பிரித்தால் உள்ளே மற்ற மூன்றும் இருக்கின்றன. எங்கோ ஒருவன் வைத்த பொய் அதில் இருக்கிறது. எதிரில் இல்லாதவனைப் பற்றிப் பேசும் குறளை இருக்கிறது. அந்நியன் என்பவன் எப்போதும் எதிரில் இல்லாதவன்தானே! ஊர் கூடி அடிக்கும்போது வெளிப்படும் கடுமையும் அதில் உறங்குகிறது. மற்றவை வாசற்படியிலேயே தடுக்கப்படும். பயனில்லாத சொல்லை மட்டும் நாம் தடுப்பதில்லை.

கீதை பதினேழாம் அத்தியாயத்தில் பகவான் வாக்குத் தவத்தின் இலக்கணத்தைக் கூறுகிறார். உண்மையாக இருத்தல், இனிமையாக இருத்தல், நன்மை பயத்தல் ஆகிய யாவும் அங்கே உண்டு. ஆனால் அந்த வரிசையில் முதலில் நிற்பது பிறர் உள்ளத்தைக் கலக்காமை. அதை நெடுங்காலம் வெறும் மென்மை என்றே எண்ணியிருந்தேன். ரயில் நிலையத்தில் பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்த பிறகே, கலங்கிய உள்ளத்துக்கு உண்மையும் பொய்யும் ஒன்றாகவே தெரியும் என்பது விளங்கிற்று.

'சட்டம் என்ன செய்கிறது? நிறுவனங்கள் என்ன செய்கின்றன?' என்று கேட்பது நியாயமே. 2012 ஆகஸ்டில் மத்திய அரசு மொத்தக் குறுஞ்செய்திகளுக்குப் பதினைந்து நாள் தடை விதித்தது. 5 என்பதே வரம்பு. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2019 ஜனவரியில் அதை உலகெங்கும் விரிவாக்கியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்றது. அதனால் அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்தன என்றும் அறிவித்தது. மனிதனின் அவசரத்துக்கு வேகத்தடை வேண்டியிருக்கிறது என்பது வெட்கத்துக்குரியது. ஆனால் வேகத்தடையால் உயிர் பிழைத்தால் அதைக் குறை சொல்வானேன்? இத்தளங்களை நடத்தும் பெருநிறுவனங்கள் விளம்பர வருமானத்தில் வாழ்பவை, நம் கண்கள் திரையில் எவ்வளவு நேரம் நிலைக்கின்றனவோ அவ்வளவு அவற்றுக்கு ஆதாயம் என்பதையும் மறக்கலாகாது. சாந்தமான மனம் அவற்றுக்கு நல்ல வாடிக்கையாளர் அன்று.

நீதிமன்றமும் பேசியிருக்கிறது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை 2018-இல் பகிர்ந்த பிரமுகர் ஒருவர், தாம் அதைப் படிக்காமலேயே பகிர்ந்ததாகவும், பின்னர் நீக்கி மன்னிப்புக் கேட்டதாகவும் வாதாடினார். 2023 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. செய்தியை வில்லிலிருந்து புறப்பட்ட அம்புக்கு ஒப்பிட்டு, அனுப்பும்வரைதான் அது அனுப்புபவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

என் மனத்தை உறுத்தும் ஆட்சேபம் வேறொன்று. 'ஒருவேளை செய்தி உண்மையாக இருந்தால்? எச்சரிக்காமல் இருந்து ஓர் உயிர் போனால் அந்தப் பாவம் யாருக்கு?' என்று ஒரு தாய் கேட்டால் என்ன பதில்? மௌனம் எப்போதும் புண்ணியம் ஆகாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எங்கே படகு வருகிறது, எந்த மண்டபத்தில் உணவு கிடைக்கும், எந்த வீட்டு மாடியில் முதியவர் சிக்கியிருக்கிறார் என்பவற்றை முன்பின் அறியாத இளைஞர்கள் இதே ஊடகங்கள் வழியே தெரிவித்து எத்தனையோ பேரைக் கரை சேர்த்தார்கள். அதே நாட்களில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்ற பொய்யும் அதே வழியே சுற்றியது. கருவி ஒன்று, நாட்களும் ஒன்று. முதல் வகையினர் அந்த எண்ணைத் தாமே அழைத்துக் கேட்டார்கள். செய்தியில் நேரத்தைக் குறித்தார்கள். உதவி கிடைத்ததும் 'முடிந்தது' என்று அதையே மீண்டும் அறிவித்தார்கள். சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றார். முதலைச் செய்திக்குப் பின்னால் எவரும் நிற்கவில்லை.

'வந்ததை அனுப்பினேன்' என்று நாம் கூறும்போது அந்த நிற்கும் பொறுப்பிலிருந்துதான் விலகிக்கொள்கிறோம். ஆயிரம் பேர் சேர்ந்து அனுப்பினால் ஆளுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு பாவம் என்று ஏதோ ஒரு கணக்கு மனத்தில் ஓடுகிறது. ஒவ்வொருவரும் தம்மை நம்பியவர்களுக்குத் தம் முழு நாணயத்தையும் கொடுத்தே அனுப்புகிறார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் எவரும் கொடுப்பதில்லை.

பிறரைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பது முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, பெங்களூருவில் ஒரு சிறுவனின் அறுவை சிகிச்சைக்கு அரிய வகை ரத்தம் உடனே தேவை என்ற செய்தி எனக்கு வந்தது. கீழே ஒரு கைப்பேசி எண். நான் பூஜையை முடித்துவிட்டு எழுந்திருந்த நேரம். ஒரு நல்ல காரியத்தோடு நாள் தொடங்குகிறது என்ற நிறைவோடு, எங்கள் சத்சங்கக் குழு உட்பட நான்கு குழுக்களுக்கு அதை அனுப்பினேன். மாலையில் ரத்தம் கிடைத்ததா என்று அறிய அந்த எண்ணை அழைத்தேன்.

எடுத்தவர் கன்னடத்தில் பேசினார். சலிப்பு இருந்தது, கோபம் இல்லை. "ஸார், அது மூன்று வருஷத்துக்கு முந்தைய செய்தி. அன்றைக்கே ஆறு பேர் வந்து ரத்தம் கொடுத்துவிட்டார்கள். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்" என்றார். நாளுக்குப் பத்து, பதினைந்து அழைப்புகள் இன்னும் வருகின்றனவாம். எண்ணை மாற்றிவிடலாமே என்றேன். அவர் மோட்டார் பழுது பார்க்கும் ஒரு சிறு கடை வைத்திருக்கிறார். கடைப் பலகையிலும் ரசீதிலும் வாடிக்கையாளர்களின் நினைவிலும் இருப்பது அந்த எண்தான். தெரியாத எண்களை எடுக்காமல் விட்டுப் பார்த்தாராம். வேலை வரத்து குறைந்துவிட்டது. ஒருமுறை எடுக்காமல் விட்ட அழைப்பு, ஊரில் தாயார் மயங்கி விழுந்ததைச் சொல்ல வேறொருவர் கைப்பேசியிலிருந்து தம்பி அழைத்தது. "எல்லோரும் நல்ல மனசோடு கூப்பிடுகிறார்கள் ஸார். யாரைத் திட்டுவது?" என்றார்.

அன்றிரவே நான்கு குழுக்களுக்கும் உண்மையை எழுதி, தவறு என்னுடையது என்று குறிப்பிட்டேன். காலையில் அனுப்பிய செய்திக்கு நாற்பத்து மூன்று பேர் கைகூப்பிய படத்தைப் பதிலாக அனுப்பியிருந்தார்கள். திருத்தத்துக்கு இருவர் பதில் அனுப்பினார்கள். ஒரு வாரம் சென்றிருக்கும். எங்கள் சத்சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர், வேறெங்கோ சுற்றி வந்த அதே செய்தியை எனக்கே அனுப்பியிருந்தார். பலமுறை அனுப்பப்பட்டது என்ற குறி அதன் தலையில் இருந்தது. அடியில் அந்தக் கடைக்காரரின் எண் இருந்தது.